பண்ணைக்கு அப்பால் விரிந்த வெளி

மண்டைதீவில் 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க யாழ்ப்பாண சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார். மைதானத்துக்கு 48 ஏக்கர். அதைச் சுற்றி எழவிருக்கும் விளையாட்டு நகரத்தையும் சேர்த்தால் 138 ஏக்கர். யாழ்ப்பாணத்தார் காணி பேசும் கணக்கில் 2,208 பரப்பு. தீவின் மொத்த நிலமே ஏறக்குறைய ஏழரைச் சதுர கிலோமீற்றர்தான். அதில் பதின்மூன்றில் ஒரு பங்களவு ஒரே திட்டத்துக்குப் போகிறது. அடிக்கல் நாட்டிய சூட்டோடு இரண்டு விதமான பேச்சு எழுந்தது. வடக்குக்கு இப்போதாவது ஒன்று வருகிறதே என்றார்கள் ஒரு பக்கத்தார். அது தாழ்ந்த ஈரநிலம், கண்டலும் வலசைப் பறவைகளும் உள்ள கரை, அங்கே கொங்கிறீற் கொட்டலாமா என்று கேட்டார்கள் சூழலியலாளர்கள்.

முதல் பக்கத்தாரின் ஆசையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. யாழ்ப்பாணத்தின் கிரிக்கெட் பழையது. மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான ‘வடக்கின் பெரும் போர்’ 1904 முதல் நடக்கிறது. லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயரைச் சுமந்த அணி 2020, 2021, 2022, 2024 என நான்கு முறை கிண்ணம் வென்றது. அந்த நான்கு தொடர்களிலும் ஓர் ஆட்டம்கூட யாழ்ப்பாண மண்ணில் நடக்கவில்லை. அம்பாந்தோட்டையிலும் தம்புள்ளையிலும் பல்லேகலையிலும் கொழும்பிலும் ஆடிய அணியைத் தொலைக்காட்சியில் பார்த்துத் தங்கள் அணி என்று கொண்டாடியவர்கள் நம் பிள்ளைகள். அவர்களுக்கு ஒரு மைதானம் வேண்டும் என்பதில் வாதமே இல்லை. எங்கே, எவ்வளவு, அதைச் சுற்றி என்னென்ன என்பதில்தான் வாதம். அந்த வாதத்துக்குள் போனால் மண்டைதீவு என்ற ஒரு தீவோடு கதை நிற்காது. யாழ்ப்பாண நகரம் எந்தப் பக்கம் வளரப்போகிறது, குடாநாட்டை ஒட்டிய தீவுகளான தீவகத்தின் திறந்த நிலம் யாருடையது, அதை யார் காப்பது என்றெல்லாம் போய் முட்டும்.

முதலில் அந்த நிலம் எப்படிப்பட்டது என்று பார்க்கவேண்டும். பண்ணைத் தாம்போதியால் நகரிலிருந்து தீவகத்துக்குப் போகிறவருக்கு முதலில் எதிர்ப்படுவது மண்டைதீவு. அதைத் தொட்டுக்கொண்டு அல்லைப்பிட்டி, பிறகு மண்கும்பான், வேலணை, ஊர்காவற்றுறை. வழி நெடுகப் பனங்கூடல், வடலி, மணற்கும்பி, மாரியில் நீர் தேங்கிக் கோடையில் உப்புப் பூக்கும் தரவை. தரவையை நகரத்துக் கண் வெறுங்காணி என்று தள்ளிவிடும். தீவகத்தில் மாடு வைத்திருப்பவருக்கு அது மேய்ச்சல் நிலம். மாரி பெய்து புல் தலைகாட்டும் மாதங்களில் ஆடுமாடுகளின் வயிறு அங்கேதான் நிறைகிறது. தரவை தாழ்ந்து பரவைக் கடலோடு சேரும் விளிம்பில் கண்டலும் கண்ணாவும் நிற்கின்றன. அவற்றின் வேர்களுக்கிடையில் இறாலும் நண்டும் குஞ்சு மீனும் வளர்கின்றன. வெளியே ஆழமில்லாத கடலில் களங்கண்ணி வலை நாட்டியிருப்பவரின் வருமானம் இந்த விளிம்பை நம்பியிருக்கிறது. மாரிக்காலத்தில் வடக்கிலிருந்து பூநாரையும் வாத்தும் உள்ளானும் வந்து இறங்குவதும் இதே ஆழமற்ற நீரில்தான். மன்னாரில் வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. யாழ்ப்பாணக் கடலேரிக்கு அந்தத் தகுதி கிடைக்கவில்லை. பறவைகள் பட்டியல் பார்த்து இறங்குவதில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் தீவகத்தில் திறந்த நிலத்தின் மிகப் பெரிய வேலை கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தடியில் நடக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் டிசெம்பர் வரையான மூன்று மாதங்களில். அந்த மழை சுண்ணாம்புப் பாறையிலும் மணலிலும் இறங்கி, அடியில் கிடக்கும் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் இலேசானது. கடல் மட்டத்துக்கு மேல் அது ஓரடி நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடி வரை உவரை அமுக்கிப் பிடித்திருக்கும். மேலே ஓரடி இறங்கினால் கீழே நாற்பது அடி உவர் ஏறி வரும். பெரிய நிலப்பரப்பில் இந்தக் கணக்குக்குக் கொஞ்சம் தாட்சண்யம் உண்டு. சுற்றிவரக் கடல் உள்ள சிறு தீவில் அது இல்லை. வேலணையின் சாட்டிப் பகுதியில் மணலுக்கடியில் நல்ல தண்ணீர் இருப்பதால்தான் தீவகத்தின் மற்ற ஊர்களுக்கு அங்கிருந்து தண்ணீர் போயிற்று. அந்த மணற்கும்பிகளைக் கட்டடத்துக்கென்று அள்ளிக்கொண்டு போனவர்கள் மணலோடு தண்ணீர்த் தொட்டியையும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் திறந்த நிலத்தில் 1,200 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது 48 இலட்சம் லீற்றருக்கு மேல். அதில் ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதி கடலுக்கு ஓடும், மிச்சம் நிலத்தில் இறங்கும். அந்த ஏக்கரைக் கூரையாகவும் தார்த் தளமாகவும் வாகனத் தரிப்பிடமாகவும் மாற்றினால் இறங்குவது கிட்டத்தட்ட நின்றுபோகும். அதோடு மைதானத்துப் புல்லுக்கும் தண்ணீர் வேண்டும். எல்லைக்கோடு நடுவிலிருந்து 80 மீற்றர் என்று வைத்தால் புல்தரை ஏறக்குறைய ஐந்து ஏக்கர். கோடை வெயிலில் அதற்கு நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீற்றர் நீர் விட்டால் ஓர் இலட்சம் லீற்றர். குடாநாட்டின் குடிநீருக்காகத் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலை 2024 ஓகஸ்டில்தான் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு நாளுக்கு 24,000 கனமீற்றர். கடலைக் காய்ச்சிக் குடிக்கும் நிலைக்கு வந்துவிட்ட ஊரில், மழை நீரைச் சும்மா வாங்கி வைத்துக்கொள்ளும் நிலத்தை எடுத்து மூடுவதற்கு முன் இந்தக் கணக்கை யாராவது சபையில் வாசித்திருக்க வேண்டும்.

நகரம் பரவுவது எப்படி என்பதற்கு யாழ்ப்பாணத்தின் உள்ளேயே சாட்சி இருக்கிறது. மாநகர எல்லைக்குள் மழைநீரை வாங்கி வைத்த குளங்கள் பல தூர்ந்து, மண் கொட்டப்பட்டு, மேலே கடையும் வீடும் ஏறின. ஆரியகுளம் போன்ற சில, சுவரும் நடைபாதையும் கட்டி மீட்கப்பட்டன. வெள்ளவாய்க்கால்கள் மதிலுக்குள் போயின. 2008 நவம்பரில் நிஷா புயல் கொண்டுவந்த மழை எங்கே போவது என்று தெரியாமல் தெருவிலும் வீட்டிலும் நின்றது. ஒரு குளம் ஒரே நாளில் அழிவதில்லை என்பதால் யாரும் பொறுப்பாளி ஆவதில்லை. முதலில் கரையில் ஒரு கொட்டில். பிறகு அதற்கு ஒரு பாதை. பாதை வந்ததும் மின்கம்பம். மின்சாரம் வந்தபின் பக்கத்துக் காணிக்கு விலை.

மண்டைதீவிலும் மைதானத்தை விட மைதானத்தின் பின்னால் வரப்போவதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நகர மையத்திலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், நகரத்து விலையில் சிறு பங்குக்குக் காணி கிடைக்கும் இடம் அது. மைதானத்துக்கு அகலமான வீதி வேண்டும், விடுதி வேண்டும், உணவகம் வேண்டும். ஆட்டம் ஆண்டில் சில நாள்தான். வீதியும் குழாயும் மின்சாரமும் 365 நாளும் இருக்கும். தென்னிலங்கையில் சூரியவெவவில் 2011 உலகக் கிண்ணத்துக்காக 35,000 பேர் அமரக்கூடிய மைதானம் எழுப்பினார்கள். யானைகள் திரிந்த பற்றைக்காட்டு நாடு அது. உலகக் கிண்ணம் முடிந்தபின் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடந்தது. கலியாண வைபவத்துக்கு வாடகைக்கு விட்ட செய்தியும் வந்தது. சூரியவெவவுக்கு அருகே பெருநகரம் இல்லாததால் கூட்டம் வரவில்லை, யாழ்ப்பாணத்தில் அப்படி ஆகாது என்று சொல்லலாம். சரியான பதில்தான். ஆனால் அதே காரணத்தால் இங்கே கட்டடம் மைதானத்தோடு நிற்காது.

இனி, சூழலைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக விட்டுவிடும் ஒரு விஷயம். மண்டைதீவு இன்று இவ்வளவு திறந்து கிடப்பதற்கு இயற்கை மட்டும் காரணமில்லை. 1986 ஜூன் 10ஆம் திகதி மண்டைதீவுக் கடலில் குருநகர் மீனவர் 31 பேர் கொல்லப்பட்டனர். 1990 ஓகஸ்டில் யாழ்ப்பாணக் கோட்டையை மீட்கும் நடவடிக்கையில் இராணுவம் தீவகத்துக்குள் வந்தது. அப்போது மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடிக்கப்பட்டவர்களில் பலர் திரும்பவில்லை. அவர்களைத் தீவின் கிணறுகளில் போட்டு மூடினார்கள் என்று உறவினர் சொல்கின்றனர், அவற்றைத் தோண்டிப் பார்க்கவேண்டும் என்று கேட்கின்றனர். எஞ்சிய குடும்பங்கள் நகருக்கும் வன்னிக்கும் கொழும்புக்கும் பிறகு ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் இலண்டனுக்கும் சிதறின. வயல் தரவையானது, தோட்டம் பற்றையானது, வீட்டுக்குள் ஆல் முளைத்தது. இந்த வெளியைப் பார்த்து ‘கன்னி நிலம்’ என்று ஒருவர் சிலாகித்தால், அந்த மண்ணில் மொட்டைக்கறுப்பன் நெல் விதைத்த குடும்பத்துக்கு அது எப்படிக் கேட்கும்? காப்போம் என்கிறவர்களுக்கும் கட்டுவோம் என்கிறவர்களுக்கும் ஒரு குருட்டுப் புள்ளி பொதுவாக இருக்கிறது. இரு சாராரும் இதை ஆளில்லாத நிலமாகவே பார்க்கிறார்கள்.

ஆளில்லாத நிலம் என்பதற்கு இலங்கைச் சட்டத்தில் நீண்ட வரலாறு உண்டு. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புச் சட்டம், உரித்துக் காட்ட முடியாத காடும் தரிசும் அரசுக்குச் சொந்தம் என்று எடுத்துக்கொண்டது. 1897இல் தரிசு நிலச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. அந்த வழியில் வந்ததுதான் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டமும். 2025 மார்ச் 28ஆம் திகதி அதன் கீழ் வெளியான வர்த்தமானி வட மாகாணத்தில் 5,940 ஏக்கருக்கு உரித்தைக் காட்டும்படி கேட்டது. காட்டாவிட்டால் அரச காணி. அதில் 3,669 ஏக்கர் யாழ்ப்பாண மாவட்டத்தில். உறுதிப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்தவரும், கடல் கடந்து போனவரும், பாட்டன் பெயரில் பிரிபடாமல் கிடக்கும் காணியின் பங்காளிகளும் குறித்த மாதங்களுக்குள் என்ன காட்டுவார்கள்? எதிர்ப்பு வலுத்தது. அரசு வர்த்தமானியை மீளப்பெறுவதாக அறிவித்தது, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையும் விதித்தது. மண்டைதீவிலும் கடற்படை முகாமுக்குக் காணி அளக்க நில அளவையாளர் வந்தபோது மக்கள் வழிமறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

இந்தப் பின்னணியில் ‘இயற்கையைக் காக்க அரசு எல்லைக்கல் நடட்டும்’ என்று தீவகத்தில் சொன்னால் கேட்பவர் முகம் சுளிப்பார். வன, வனஜீவராசிகள் திணைக்களங்களின் எல்லைக்கல்லும் முகாமின் முட்கம்பியும் அவருக்கு ஒரே வரிசையில் நிற்பவை. 2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதி, ஏறக்குறைய 1,846 ஹெக்டேயர், தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே திரியும் குதிரைகளுக்கும் அவை மேயும் வெளிக்கும் அதனால் சட்டப் பெயர் கிடைத்தது. ஆனால் அறிவிப்பு தந்த பாதுகாப்பை இன்னோர் அறிவிப்பு எடுத்துவிடலாம். மன்னார் கரையில் விடத்தல்தீவு இயற்கை ஒதுக்ககம் 2016இல் அறிவிக்கப்பட்டது. 2024இல் அதன் ஒரு துண்டை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கு விடுவிக்க வர்த்தமானி வெளிவந்தது. கொழும்பில் ஒரு கையெழுத்தில் வருவது கொழும்பில் ஒரு கையெழுத்தில் போகும்.

கட்டுப்பாடு இல்லை என்றும் சொல்ல முடியாது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993 ஜூனில் வெளியான வர்த்தமானி, எந்தெந்தத் திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்று பட்டியலிட்டது. 50 ஹெக்டேயருக்கு மேல் நிலம் வெளியாக்குவதும் 4 ஹெக்டேயருக்கு மேல் ஈரநிலம் நிரப்புவதும் அதில் அடங்கும். 48 ஏக்கர் என்பது 19 ஹெக்டேயருக்குச் சற்று மேல், 138 ஏக்கர் கிட்டத்தட்ட 56 ஹெக்டேயர். மைதானத்தைத் தனியாக எடுத்தால் நிலம் வெளியாக்கும் எல்லைக்குக் கீழே நிற்கிறது, விளையாட்டு நகரத்தையும் சேர்த்தால் மேலே போகிறது. ஈரநிலம் என்று ஒப்புக்கொண்டால் 4 ஹெக்டேயர் எல்லையை மைதானமே தாண்டிவிடும். ஆகவே முழு வழக்கும் ஒரு வகைப்படுத்தலில் தொங்குகிறது. அதற்கு மேல் 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டம், உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரையான நிலத்தைக் கரையோர வலயமாக்குகிறது. மண்டைதீவு போன்ற சின்னத் தீவில் 300 மீற்றர் என்பது சாதாரண தூரமில்லை. சட்டப் புத்தகத்தில் பல் இருக்கிறது. அடிக்கல்லுக்கு முன்னால் கடிக்கவேண்டிய பல் அடிக்கல்லுக்குப் பின்னால் கடித்தால் பயன் பாதிதான், ஏனென்றால் அதற்குள் மண் கொட்டியாயிற்று, பணம் இறங்கியாயிற்று, எதிர்ப்பவர் வளர்ச்சியின் எதிரி ஆகியாயிற்று.

பக்கத்து ஊர்கள் இதே பாடத்தை அதிக விலை கொடுத்துப் படித்தன. சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு ஒரு காலத்தில் ஏறக்குறைய 5,000 ஹெக்டேயர். குப்பைமேடும் நிறுவன வளாகங்களும் தொடர்வண்டி நிலையமும் அடுக்குமாடிகளும் போக மிஞ்சியது அதில் சிறு பங்கு. 2007இல் 317 ஹெக்டேயர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது, 2022இல் 1,247 ஹெக்டேயர் ராம்சார் பட்டியலில் ஏறியது. நடுவில் 2015 டிசெம்பர் வெள்ளம் வந்துபோயிற்று. சதுப்பை ஒட்டிய வேளச்சேரியில் வீடுகளுக்குள் நின்ற தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்த தண்ணீர். கொழும்பு 2010 நவம்பரில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே வெள்ளத்தைப் பார்த்தது. அதன் பிறகு நகரின் எஞ்சிய சதுப்புகளை வெள்ளத் தடுப்பின் அங்கமாக எண்ணத் தொடங்கினார்கள், 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரமும் பெற்றார்கள். கொழும்பு கற்றதை யாழ்ப்பாணம் கடன் வாங்கிக்கொள்வதில் வெட்கமில்லை.

எதிர்வாதம் ஒன்றை நேராகச் சந்திக்கவேண்டும். இலண்டனைச் சுற்றிய பசுமை வளையம் 1938இல் சட்டமாகத் தொடங்கி 1955க்குப் பின் மற்ற நகரங்களுக்கும் பரவியது. அது வயலையும் காட்டையும் காத்தது. உள்ளே வீட்டு விலையை ஏற்றியது, வளையத்துக்கு அப்பால் வீடு கட்டிக்கொண்டு நெடுந்தூரம் பயணம் செய்யும் கூட்டத்தை உண்டாக்கியது என்ற குற்றச்சாட்டும் உண்டு. நியாயமான குற்றச்சாட்டு. வீடில்லாதவன் தலையில் இயற்கையின் செலவைக் கட்டக்கூடாது. ஆனால் தீவகத்தில் கேள்வி தலைகீழ். வேலணையிலும் புங்குடுதீவிலும் பூட்டிய வீடும் இடிந்த வீடும் வரிசையாக நிற்கின்றன. கட்டிய நிலமே ஆளுக்குக் காத்திருக்கும் இடத்தில், கட்டாத நிலத்தை உடைப்பதற்கு வீட்டுப் பஞ்சம் காரணமாகாது. வேலை தேவை என்பார்கள், அதுவும் உண்மை. மைதானம் கட்டும் காலத்தில் கூலி கிடைக்கும். மாடு வளர்ப்பும் நண்டும் இறாலும் தருவது ஆண்டுதோறும் கிடைப்பது, அதற்கு ஒப்பந்தக்காரர் தேவையில்லை. தரையில் நடப்பது கடலிலும் நடக்கிறது. சில ஆண்டுகளாகக் கடலட்டைப் பண்ணைகள் பரவைக் கடலின் பொது இடத்தை வேலியடைத்து எடுத்ததைச் சிறு மீனவர் எதிர்த்தது இதே மனக்குறையால்தான்.

அப்படியானால் யார் காப்பது? இலண்டனுக்கு அருகே எப்பிங் காட்டை வேலியடைக்க நிலப்பிரபுக்கள் முனைந்தபோது, விறகு வெட்டும் தம் பழைய உரிமையை விடமாட்டோம் என்று 1860களில் லௌட்டன் கிராமத்தார் நின்றார்கள். 1878இல் வந்த சட்டம் காட்டை இலண்டன் மாநகராட்சியின் பொறுப்பில், வேலியில்லாமல், எல்லாருக்கும் திறந்ததாக வைத்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில், கிராமத்தின் பொதுக் குளத்தையும் மேய்ச்சல் தரையையும் ஆக்கிரமித்தவர்களை அகற்றி ஊருக்கே திருப்பிக் கொடுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. இரண்டிலும் நிலம் பிழைத்தது அதைப் பயன்படுத்துபவரின் உரிமை வழியாக. தீவகத்துக்குப் பொருந்தும் வழி அதுவே என்று நினைக்கிறேன். மாடு மேய்ப்பவரின் உரிமை, களங்கண்ணி நாட்டுபவரின் உரிமை, கிணற்று நீரின் உரிமை என்று எழுதப்பட்ட தரவையை எடுக்க வருகிறவர் பலருக்குப் பதில் சொல்லவேண்டும். ‘அரச காணி’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஒரு மேசைக்குப் பதில் சொன்னால் போதும். தனியார் காணியில் இது கடினம். புலம்பெயர்ந்தவர்கள் தங்கள் பங்கை விற்கும்போது பங்காளிக்கு முதலில் சொல்லவேண்டும் என்ற யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையின் முன்வாங்கல் உரிமை இன்றும் உயிரோடிருக்கிறது. அது காணி வெளியாளிடம் போகாமல் தடுக்கலாமே தவிர, மணல் அள்ளுவதையோ மதில் எழுப்புவதையோ தடுக்காது. அதற்கு உள்ளூராட்சியின் கட்டட அனுமதிதான் கருவி.

2025 மே 6ஆம் திகதித் உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பிறகு, மண்டைதீவு அடங்கும் வேலணைப் பிரதேச சபைக்கு மீண்டும் மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர்கள் இருக்கிறார்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் பொதுப் பாதையும் கட்டட அனுமதியும் அவர்கள் கையில் என்கிறது. எந்தத் தரவையில் எத்தனை மாதம் நீர் நிற்கிறது, எந்தக் கிணறு வைகாசியில் உவர்க்கிறது, எந்தக் கரையில் கண்டல் நிற்கிறது, எந்தக் கிணற்றை உறவினர் தோண்டிப் பார்க்கக் கேட்கிறார்கள் என்று ஒரு வரைபடம் போட அவர்களுக்கு அமைச்சரவைப் பத்திரம் தேவையில்லை. அந்தந்த ஊரில் மாடு கட்டியிருப்பவரும் கடலுக்குப் போகிறவரும் இருந்தால் போதும். வரைபடத்துக்கு உதவ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் பண்ணைத் தாம்போதிக்கு நகரப் பக்கத்திலேயே இருக்கிறது. மைதானத்துக்கு 48 ஏக்கர் போனாலும், விடுதிக்கும் கடைக்கும் நீச்சல் தடாகத்துக்கும் என்று பேசப்படும் மிச்சம் 90 ஏக்கர் இருக்கிறது. அவற்றில் எதற்கும் கண்டல் கரை தேவையில்லை, நகரத்துக்குள் ஏற்கெனவே கட்டிய தெருக்களில் அவை நடக்கும். வரைபடம் அந்த 90 ஏக்கரில் வேலி விழுவதற்கு முன் சபையின் மேசைக்கு வரவேண்டும்.